முகட்டு ரோட்டுச் செவ்வந்தி

செப்டம்பர் 24, ஞாயிறு

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை வெளியே வராது. கடைகள் எல்லாம் மூடல். பால் வாங்கி வைக்க மறந்து காலையில் கறுப்புக் காபி குடித்தேன். கம்பெனி கொடுத்த வீட்டில் கரண்ட் அடுப்பு. நூல் சுற்றும் மெஷினை இத்தனை துல்லியமாகச் செய்கிற இத்தாலிக்காரன் இந்த அடுப்பை ஏன் இப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. ஒன்று கருகுகிறது, இல்லாவிட்டால் வேகவே மாட்டேன் என்கிறது.

மார்த்தா தன் பழைய சைக்கிளைக் கொடுத்திருக்கிறாள். மார்த்தா தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷின்காரி. கோயம்புத்தூரிலிருந்து மூன்று மாதம் வேலை கற்க வந்திருக்கும் எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்க அவளைத்தான் விட்டிருக்கிறார்கள். சைக்கிள் நல்ல சைக்கிள். செயினுக்கு எண்ணெய் போட்டு ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் போனேன்.

தனிச் சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆகிறது. எனக்கு எப்போதும் ரெட்டைச் சைக்கிளின் முன் சீட்டுதான். பின் சீட்டில் தம்பி மகுடேஸ்வரன். பதினாலு வயதில் அவனுக்குப் பார்வை போனது. அதற்குப் பின் சிறுவாணி ரோட்டில் எங்களைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் உட்காருகிறவள் வாயை மூடவே கூடாது. குழி என்றால் அவன் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்புவான். மேடு என்றால் அழுத்துவான். விடு என்றால் மிதிப்பதை நிறுத்துவான். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரு 'ம்' வரும். அந்த 'ம்' வந்தால்தான் நான் அடுத்ததைச் சொல்வேன்.

இன்றைக்கு ஆளில்லாத ரோட்டில் 'குழி' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஒரு நாய் எழுந்து பார்த்தது.

தை மாதம் மகுடேசுக்குக் கல்யாணம் ஆனது. வினோதினி பள்ளிக்கூட டீச்சர். நல்ல பெண். ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஓட்டிப் பழகி, இப்போது முன் சீட்டில் அவள்தான். அதுதானே முறை. இத்தாலிக்கு யார் போகிறீர்கள் என்று கம்பெனியில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான். தொழில் கற்றுக்கொள்ளத்தான்.

செப்டம்பர் 27, புதன்

மழை. தோசை மாவு பொங்கவில்லை. இந்தக் குளிரில் நானே பொங்க மாட்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

இன்றைக்கு ஒரு ரோட்டைக் கண்டுபிடித்தேன்.

ஊரைத் தாண்டினால் ஆற்றோரம் பள்ளத்தாக்கு ரோடு. அதில் சிமெண்ட் லாரி போகிறது. அங்கிருந்து இடது கைப்பக்கம் ஒரு கிளை பிரிந்து மேலே ஏறுகிறது. முதலில் மூச்சு வாங்கும். ஏறி முடித்தால் குன்றுகளின் முகட்டிலேயே ரோடு ஓடுகிறது. இரண்டு பக்கமும் சரிவில் திராட்சைத் தோட்டம், பழம் பறித்து முடித்து இலை பழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு செங்கல் கோயில். வடக்கே தூரத்தில் பனிமலை. நான் போய்த் திரும்பும் வரை ஒரு டிராக்டர் வந்தது, அவ்வளவுதான். அதன் சத்தமும் வெகு நேரம் முன்னாலேயே கேட்டுவிட்டது. பக்கத்துக் குன்றில் ஒருவர் இருமியது எனக்குக் கேட்டது.

மகுடேசு இந்த ரோட்டில் வந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வந்தால் வினோதினியோடு வருவான்.

ரோடு ஓர் இடத்தில் கொண்டை ஊசி மாதிரி வளைகிறது. வளைவில் மாதா சிலைக்குச் செங்கல்லில் கட்டிய சின்னக் கெபி, எதிரே ஒரு வீடு. வாசலில் ஒரு பெண்மணி காயவைத்த ஹேசல் கொட்டைகளைக் காலாலேயே கிளறிக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும், தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி. நான் "விடு, வளைவு, விடு" என்று சொல்லிக்கொண்டே இறங்கியதைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்டோபர் 8, ஞாயிறு

மகுடேசு போனில் பேசினான்.

"அக்கா, டிக்கெட் போட்டாச்சு. நவம்பர் மொத வாரம் வர்றோம். தீவாளிய உங்கூட அங்கயே கும்புட்டுட்டு வந்தர்றோம்."

"எதுக்குடா இந்தக் குளிர்ல?"

"நீ அங்க இருக்கறப்ப வந்தாத்தானுக்கா உண்டு. ஒரே ஒரு காரியம் பண்ணு. எங்களுக்கு ஒரு ரோடு பாத்து வையி. வண்டிச் சத்தமே இருக்கக் கூடாது. லாரி பின்னால வந்தா வினோதினிக்குக் கை நடுங்குது. எனக்கு அந்த எரைச்சல்ல காது அடைச்சுக்குது, அவ சொல்றது கேக்கறதில்ல. போன மாசம் பாலக்காட்டு ரோட்டுல உழுந்திருப்போம். தப்பிச்சது தெய்வாதீனம்."

போனை வினோதினி வாங்கினாள். "அண்ணி, நீங்க பாத்துச் சொல்ற ரோடுன்னா நான் தைரியமா ஓட்டிருவேனுங்க."

பார்த்து வைக்கிறேன் என்றேன். ரோடுதான் ஏற்கெனவே இருக்கிறதே. இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அக்டோபர் 14, சனி

துணி துவைத்தேன். வெயில் என்று பெயருக்கு ஒன்று அடிக்கிறது, இரண்டு நாளானாலும் துணி காயாது.

பள்ளத்தாக்கு ரோட்டில் போய்ப் பார்த்தேன். லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனதில் சைக்கிளோடு நானும் புல்லில் இறங்கிவிட்டேன். அகலமான ரோடுதான். ஞாயிற்றுக்கிழமை லாரி இருக்காது என்கிறாள் மார்த்தா. சுமார்.

அக்டோபர் 21, சனி

சந்தைக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தெருவின் இரண்டு பக்கமும் செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, அரக்கு என்று தொட்டி தொட்டியாக. பூ மார்க்கெட்டில் ஆயுத பூசைக்கு முந்தின நாள் நிற்கிற மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. சரியாக ஆயுத பூசை நேரத்தில் இந்த ஊர்க்காரர்கள் எதற்குச் செவ்வந்தி விற்கிறார்கள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டு தொட்டி மஞ்சள் வாங்கி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் ரொம்ப மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை.

காலையில் எழுந்து சைக்கிளைக் கழுவினேன். கழிவு நூலில் பூவைக் கட்டி இரண்டு சரம் செய்தேன். ஒன்று சைக்கிளுக்கு, ஒன்று தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கும் மெஷினுக்கு. மெஷினுக்குப் பொட்டு வைத்துச் சரத்தைப் போட்டதும் மார்த்தாவின் முகம் செத்துவிட்டது. யார் இறந்துபோனது என்று கேட்டாள். பூசை என்று விளக்கினேன். அவள் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், இந்தப் பூவை இங்கே கல்லறைக்கு மட்டும்தான் வைப்போம், நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களுக்கான நாள் வருகிறது, அதற்குத்தான் சந்தையில் அவ்வளவு பூ, உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு யாரும் கொண்டுபோக மாட்டோம் என்றாள். மெஷின்மேல் கிடந்த சரத்தை இரண்டு விரலால் எடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பூவைப் பழிக்கிறாளே என்று. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டேன்.

சைக்கிளில் இருந்த சரத்தைக் கழற்றவில்லை. அப்படியே முகட்டு ரோட்டுக்கு விட்டேன். ஊருக்குள் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்த கார் என்னை முந்தாமல் ஏற்றம் முடியும்வரை மெதுவாகவே வந்தது. சிரிப்பாகத்தான் இருந்தது.

வளைவில் அந்தத் தொப்பிக்காரி கையைக் காட்டி நிறுத்தினாள். பெயர் பியெரீனா. எனக்கு அரைகுறை இத்தாலியன்தான், ஆனால் அவள் சின்னச் சின்னதாகப் பேசினாள்.

"பூ யாருக்கு?"

"தம்பிக்கு" என்றேன். வருடா வருடம் ரெட்டைச் சைக்கிளுக்குச் சரம் கட்டுகிறவன் அவன். கண் தெரியாதவன் கட்டுவது என் சரத்தைவிட நெருக்கமாக இருக்கும். அதை நினைத்துக்கொண்டே வந்தேன், கேட்டதும் அதுதான் வாயில் வந்தது.

"என்ன வயசு?"

"நாற்பத்தொன்று."

"சைக்கிள்லயா?"

"ஆமாம், சைக்கிள்" என்றேன்.

அவள் தொப்பியைக் கழற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சைக்கிளோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் மார்த்தா சொன்னது எனக்கு உறைத்தது.

இல்லை என்பதற்கு இத்தாலியச் சொல் எனக்குத் தெரியும். வந்த முதல் நாளே கற்றது அதுதான். சொல்லவில்லை. அவள் கட்டிக்கொண்டிருக்கும்போது அழுதேன். நன்றாக அழுதேன். தை மாதத்திலிருந்து யாரும் என்னிடம் எப்படியம்மா இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் யார் துக்கம் விசாரிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து சுண்டல் தாளித்தேன். உப்பு கூடிப்போனது.

அக்டோபர் 24, செவ்வாய்

மகுடேசு போன் அடித்தான். எடுக்கவில்லை. அவனோடு என்ன பேசுவது.

அக்டோபர் 29, ஞாயிறு

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் மேலே போனேன். சொல்ல வேண்டிய நாலு வாக்கியத்தை மார்த்தாவிடம் கேட்டு மனப்பாடமும் செய்திருந்தேன். எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்டாள். சும்மா, இலக்கணம் என்றேன்.

பியெரீனா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஹேசல் கொட்டை அரைத்துப் போட்ட கேக், காபி. வீட்டில் அவளும் நாயும்தான். சுவரில் கல்யாணப் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது, அதில் மாப்பிள்ளை முகத்தின்மேல் கடிகாரம். புருஷன் தவறிவிட்டாரா என்று கேட்டேன்.

"எங்க சாகறான்? தூரின் பட்டணத்துல இருக்கான். முடிவெட்டற ஒருத்தி கூட. நல்லாத்தான் இருக்கான்." கேக்கை இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் போட்டாள். "செத்திருந்தா ஊரே சாப்பாடு தூக்கிட்டு வந்திருக்கும். இவன் போனப்ப ஒருத்தரும் ஒரு முட்டைகூடக் கொண்டாரல. உயிரோட இருக்கறவனுக்குப் பூ வைக்க முடியுமா, சொல்லு."

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மொதத் தடவை நீ இங்க வந்தப்பவே என் காதுல விழுந்துச்சு. பின்னால பாத்துப் பேசிக்கிட்டே போனே. அவன்கிட்டத்தானே? பேசு. நிறுத்தாதே."

நாலு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

சாயங்காலம் மகுடேசுக்குச் செய்தி அனுப்பினேன். ஆற்றோர ரோடுதான் உங்களுக்கு ஏற்றது, மேலே ஒரு ரோடு இருக்கிறது, ஆனால் அது வினோதினிக்கு ரொம்ப ஏற்றம் என்று. ஏற்றம் உண்மைதான்.

நவம்பர் 1, புதன்

இங்கே விடுமுறை. கல்லறைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பார்க்கலாமே என்று முகட்டு ரோட்டில் ஏறினேன்.

வளைவில், மாதா கெபியின் காலடியில், பெரிய தொட்டி நிறைய மஞ்சள் செவ்வந்தி. பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுவர்த்தி. தொட்டியின் விளிம்பில் ஒரு பழைய சைக்கிள் மணியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தாள் பியெரீனா.

அவள் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

வந்துவிட்டார்கள். ரசப்பொடி, புளி, ஒரு மாதத்துக்கான முறுக்கு. வினோதினி வந்ததும் வராததுமாக அடுப்பை எப்படிப் போடுவது என்று கேட்டு, நான் சொல்வதற்குள் அதில் சாதத்தைச் சரியாக வேகவைத்துவிட்டாள். அந்த அடுப்புக்கும் ஆள் தெரிகிறது.

மகுடேசு வீட்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவன், என் சைக்கிளின் ஹேண்டில்பார் கையில் பட்டதும் நின்றான். பூச்சரத்தின் காய்ந்த நூல் இன்னும் அதில் சுற்றியிருந்தது.

"பூசை போட்டயாக்கா?"

"ம்."

"தனியாவா?"

நான் ரசம் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்றும் இன்றும் மழை. இன்றைக்கு ஓட்டியிருந்தால் லாரி இருந்திருக்காது. வாடகைக்கு எடுத்த ரெட்டைச் சைக்கிள் நடையில் நிற்கிறது. நாளைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 6, திங்கள்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து எனக்குச் சாதகமாக எழுதுவேன்.

காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி. நான் தனிச் சைக்கிளில் முன்னே, அவர்கள் பின்னே. வினோதினி நன்றாகத்தான் ஓட்டினாள். குழி, மேடு என்று அவள் சொல்வதும் அவன் 'ம்' என்பதும் எனக்குக் கேட்டது. என் காதை அடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆற்றோரம் திரும்பியதும் முதல் லாரி வந்தது. பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் முதலில் வந்தது, அடுத்து மொத்தமாக ஒரு சுவர் போல் பக்கத்தில் போனது. திரும்பிப் பார்த்தேன். ரெட்டைச் சைக்கிள் ஆடியது. வினோதினி "விடுங்க, விடுங்க" என்று கத்துகிறாள், அவனுக்குக் கேட்கவில்லை, மிதித்துக்கொண்டே இருக்கிறான். முன் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கியது. எப்படியோ காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா," என்றான் மகுடேசு. "இதானா ரோடு?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் பார்த்து வைத்த ரோடு இப்படி இருக்காது என்கிற குரல். இருபத்தாறு வருடம் நான் சொல்கிற சொல்லுக்கு உடம்பைத் தூக்கிக் கொடுத்தவன். எனக்கு வெட்கம் பெரிதா, அவன் உயிர் பெரிதா? உயிரோடு இருப்பவனைச் செத்தவனாக்கியது போதாதென்று நிஜமாகவே கொன்றிருப்பேன்.

"இதில்ல. வேற ஒண்ணு இருக்குது. வாங்க" என்றேன்.

கிளை ரோட்டில் திரும்பினோம். ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனோம். மேலே போனதும் பனி கீழே நின்றுவிட்டது, வெயில் அடித்தது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டே வந்தான். தூரத்தில் யாரோ விறகு வெட்டினார்கள். கோயில் மணி ஒரு குன்றில் அடித்து முடிந்து அடுத்த குன்றில் ஆரம்பித்தது. "இத்தன நாளா இத எங்கக்கா வெச்சிருந்த?" என்றான்.

வளைவுக்கு முன்னாலேயே அவன் மூக்கு கண்டுபிடித்துவிட்டது.

"அக்கா, செவ்வந்தி வாசம் அடிக்குது. நம்மூரு ஆயுத பூசையாட்டமே. நிறுத்து, நிறுத்து."

நிறுத்தினோம். வினோதினி அவனைக் கெபிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். அவன் குனிந்து இரண்டு கையாலும் பூவைத் தொட்டான். தடவிக்கொண்டே வந்து அந்த மணியைக் கண்டுபிடித்து அடித்தான். சத்தம் கேட்டுப் பியெரீனா வெளியே வந்தாள்.

வந்தவள் ரெட்டைச் சைக்கிளைப் பார்த்தாள், பூவில் முகத்தை வைத்திருக்கும் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என் தம்பி" என்றேன். இன்னொரு தம்பியா என்றாள். "இல்லை. அதே தம்பி" என்றேன். அவள் கடகடவென்று ஏதோ கேட்டாள், இந்த முறை சின்னச் சின்னதாக இல்லை. வினோதினி உதவி செய்கிறேன் என்று போனை நீட்டினாள். மொழிபெயர்க்கிற அந்தப் பெண்குரல் கணீரென்று சொன்னது:

"உங்கள் சகோதரர் மிதிவண்டி விபத்தில் இறந்துவிட்டதாக நீங்கள் கூறினீர்கள். நான் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்."

வினோதினி போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் வாயை மூடுகிற மாதிரி.

மகுடேசு மெதுவாக நிமிர்ந்தான். "யாரு, நானா?"

"ம்."

"எப்பக்கா செத்தேன்?"

"ஆயுத பூசையன்னிக்கு."

அவன் பூ ஒட்டிய கையை ஜெர்கினில் துடைத்துக்கொண்டான். "அப்பத்தானா? நான் தை மாசமே செத்துட்டேன்னு நெனச்சேன். அன்னீலருந்து நீ எங்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலியேக்கா."

கெபித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். பியெரீனா எனக்கு எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்தாலும் தகும்.

"பின்னே இந்தப் பூ யாருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி. இந்த முறை சரியான பதிலைச் சொன்னேன்.

"எனக்கு."

அவள் ரெட்டைச் சைக்கிளின் முன் சீட்டைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வினோதினியைப் பார்த்தாள். தனியாகச் சாய்ந்துகிடக்கும் என் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். தொட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ஒரு பூவை மட்டும் காம்போடு கிள்ளித் தன் தொப்பியில் செருகிக்கொண்டாள்.

"இது தூரினுக்கு" என்றாள்.

காபி கொடுத்தாள். புறப்படும்போது வினோதினி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. முன் சீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன், பிறகு என் முகத்திலேயே நான் முழிக்க முடியாது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அண்ணி, இந்த எறக்கம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க முன்னால போங்க. போயி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்கும் கேக்கோணும்."

தொட்டியைப் பின்னால் கேரியரில் வைத்துக் கட்டினேன். முன்னால் போனேன். வளைவு தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளம், எனக்கு நன்றாகத் தெரிந்த பள்ளம்.

"குழி" என்றேன்.

பின்னாலிருந்து "ம்" வந்தது. இரண்டு குரலில்.

நவம்பர் 7, செவ்வாய்

தொழிற்சாலைக்குப் போனேன். செவ்வந்தி வீட்டு ஜன்னலில் இருக்கிறது. வாடினால் வாடட்டும், வீட்டுக்குள்தான் இருக்கும் என்று மார்த்தாவிடம் சொல்லிவிட்டேன்.